சின்னதுக்கு ஏழு வார்த்தை

‘தந்தி’ என்று வாசலில் குரல் கேட்டாலே பயந்த கடைசித் தலைமுறை நாம்தான். என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பரீட்சையில் பாஸான சேதியும் வேலை கிடைத்த சேதியும்கூடத் தந்தியில்தான் வந்தன. ஆனாலும் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தியதும் வீட்டுப் பெண்கள் முதலில் அழுதுவிட்டு, அப்புறம்தான் பிரித்துப் படிக்க ஆள் தேடுவார்கள். தந்தியில் ‘சீரியஸ்’ என்று இருந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். செத்துவிட்டார் என்று யாரும் அடிக்க மாட்டார்கள். ரயிலில் தனியாக வருகிறவனின் நெஞ்சு தாங்க வேண்டுமே என்று எல்லோரும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது. நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். எனக்குப் பதினோரு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே நடந்தால், வயலை மனை போட்டு விற்ற இடத்தில் எங்கள் வீடு. மனைக்கல் நிறைய நட்டிருந்தார்களே தவிர, எழும்பிய வீடுகள் ஏழெட்டுதான். மிச்ச இடத்தில் எதிர்வீட்டுப் பால்காரம்மாவின் எருமைகள் மேய்ந்தன. அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துடையது. விற்றுவிட்டது எருமைகளுக்குத் தெரியாது. காலை வேளையில் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் வட்டமடிக்கும். அந்த இரைச்சல் வந்ததும் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் பக்கத்துக்காரர்களின் பழக்கம். இப்போதும் நான் பேச்சின் நடுவே சும்மா நிறுத்துவதாக என் மருமகள் குறைப்படுகிறாள்.

அப்பா அசாமில் பாலம் கட்டும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வருஷத்துக்கு ஒரு முறை முப்பது நாள் லீவில் வருவார். மற்ற நாட்களில் அவர் எங்களுக்கு வாரம் ஒரு நீல நிற இன்லாண்டு லெட்டர், அவ்வளவுதான். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் போன் கிடையாது. டிரங்க் கால் புக் செய்தாலும் அவருடைய கேம்ப்புக்கு லைன் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அக்கா பாங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அம்மா பேரம் பேசி வாங்கி வந்த, முன்னட்டை இல்லாத டிக்‌ஷனரி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே மாதிரி இருக்கும் ஆங்கில வார்த்தைகளைப் பக்கம் பக்கமாக நோட்டில் எழுதுவாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் விளக்கம். எட்டாவது வரை படித்த அம்மா சமையல் நடுவே அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பாள். தமிழ் விளக்கத்தை வைத்துச் சரிபார்ப்பாள். பரீட்சை யாருக்கு என்று சந்தேகம் வரும்படி அதில் அம்மாவுக்கு அவ்வளவு ஈடுபாடு.

ஒரு பக்கம் முழுக்கச் சின்னதைப் பற்றியது.

“ஸ்மால்னா?”

“அளவுல சின்னதும்மா. அளந்து சொல்றது. வேற ஒண்ணும் இல்ல.”

“லிட்டில்?”

“அதுவும் சின்னதுதான். ஆனா சொல்றவங்களுக்கு அது மேல ஆசை இருக்கும். இல்லேன்னா பாவம்னு இருக்கும்.”

“அப்ப இவ லிட்டில்,” என்று அம்மா என்னைக் காட்டினாள். “நம்ம மனை ஸ்மால்.”

டைனி என்றால் இவ்வளவு சின்னதா என்று ஆச்சரியப்பட வேண்டும். மைன்யூட் என்றால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் பார்த்தே ஆக வேண்டும். அம்மா முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி, “இது மைன்யூட். பல்லுல மாட்டினா மட்டும் பெரிசு,” என்றாள். ஸ்லைட் என்பது கையில் பிடிக்க முடியாதவற்றுக்கு: காய்ச்சல், வலி, உப்பு. மைனர் என்றால் பக்கத்தில் மேஜர் என்று ஒன்று இருக்கிறது, அதோடு பார்த்தால் இது அத்தனை முக்கியமில்லை. கடைசியாக டிரிவியல். பேசுவதற்கே தகுதியில்லாதது.

“உங்க அத்தை எழுதற லெட்டர் மாதிரி,” என்றாள் அம்மா. கூடுவாஞ்சேரியில் இருந்த அப்பாவின் அக்காவைச் சொன்னாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்த நோட்டு பிறகு எந்தப் பழைய பேப்பர்காரரிடம் போனதோ தெரியவில்லை.

அந்த ஐப்பசியில் அம்மாவுக்கு வயிற்று வலி வந்தது. வாயு என்று ஓமம் தின்றாள், பெருங்காயம் கரைத்துக் குடித்தாள். வயிறு லேசாக உப்பிக்கொண்டு வந்ததும் அக்கா வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். டாக்டர் முதலில் தமிழில்தான் கேட்டார். அக்கா பதிலை இங்கிலீஷில் சொன்னாள். அதன் பிறகு அவர் அவளிடம் இங்கிலீஷிலேயே பேசினார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெஞ்சில் பக்கத்திலிருந்த பெண்ணிடம், “என் பொண்ணு,” என்று மெதுவாகச் சொன்னாள். அக்காவின் முகம் மாறிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். பெருமையில் அப்படி இருக்கிறாள் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். “என்னடி சொன்னார்?”

“கட்டிம்மா. ஸ்மால்தான்.”

“ஸ்மால்னா அளவைத்தானே சொல்றே. நல்லதா கெட்டதான்னு சொல்லலையே.”

அக்கா தன் செருப்பைப் பார்த்தாள். “மைனர் ஆபரேஷன்மா. எடுத்துட்டா சரியாயிடும்.”

“மைனரா. அப்ப சரி,” என்றாள் அம்மா.

வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் சாமானை ஒவ்வொன்றாக மேல் பரணுக்கு ஏற்றுவோமே, அப்படி அக்கா ஒரு வார்த்தையிலிருந்து அடுத்த வார்த்தைக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டிருந்தாள். அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு நானும் ‘அப்ப சரி’ என்றுதான் இருந்தேன்.

அப்பாவுக்குத் தந்தி கொடுக்க வேண்டும். “தூரத்துல இருக்கிற மனுஷனைப் பயமுறுத்தாதே, மைனர்னே போடு,” என்று அம்மா சொன்னாள். அக்கா அப்படியே போட்டாள்: அம்மாவுக்கு மைனர் ஆபரேஷன், லீவு கிடைத்தால் வரவும். ஆபரேஷன் நடந்த மறுநாள் அப்பாவிடமிருந்து லெட்டர் வந்தது. அவர்கள் கேம்ப்பில் அவசர லீவு கேட்டால் தந்தியைத்தான் அத்தாட்சியாகக் காட்ட வேண்டுமாம். பெரிய ஆபீசர் தந்தியை வாங்கிப் படித்து, மைனர் என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்து, இதற்கெல்லாம் லீவு எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ‘தைரியமாக இருக்கச் சொல். சின்ன ஆபரேஷன்தானே’ என்று அப்பா எழுதியிருந்தார்.

அந்த லெட்டர் வந்தபோது விஷயம் கை மீறியிருந்தது. வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, எடுப்பதற்கு வழியில்லை என்று மூடித் தைத்துவிட்டார்கள். “ரெண்டு மாசம் தாண்டாது. அப்பாவை வரச் சொல்லும்மா,” என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார், இந்த முறை தமிழில். துணைக்கு வந்திருந்த அத்தையிடம் அக்கா இதைச் சொல்லவில்லை. அத்தையிடம் சொன்னால் கூடுவாஞ்சேரி வரை தமுக்கு அடித்த மாதிரி. அம்மாவிடம், “கட்டியை எடுத்துட்டாங்கம்மா. கொஞ்ச நாள் ஸ்லைட்டா வலி இருக்கும்,” என்றாள்.

தாம்பரம் தந்தி ஆபீசுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மழையில் நனைந்த குடைகளின் வாடையும் பசை வாடையும் கலந்த இடம். கவுண்டரில் இருந்தவர் பாரத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“அம்மா சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி... ஆயிடுச்சாம்மா?”

“இல்ல சார். இருக்காங்க. நெஜமாவே சீரியஸ்.”

“அப்ப இதைப் போடாதேம்மா. போயிட்டாங்கன்னுதான் எடுத்துப்பாங்க. அன்வெல்னு போடு.”

“அன்வெல்னா லீவு தர மாட்டாங்க சார். மைனர்னு போட்டு ஏற்கெனவே தரலை.”

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். “உயிரோட இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கயேன்.”

அக்கா பாரத்தைத் திரும்ப வாங்கினாள். பேனாவை வைத்தாள், எடுத்தாள். ‘உயிரோடு’ என்று எழுதினால் அடுத்து வருவதைத் தானே கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாள். நீங்களாக இருந்தாலும் பயந்திருப்பீர்கள். நம் வீடுகளில் அந்த வார்த்தையை யாரும் சும்மா சொல்ல மாட்டோம். “அப்பாவுக்குப் புரியும் சார்,” என்று அப்படியே நீட்டினாள்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். முன்னறை ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தது. தந்தி கொடுத்து ஆறு நாள் ஆகியும் அப்பா வரவில்லை. ஏழாம் நாள், மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. பத்து மணி இருக்கும். தெருவில் தேங்கியிருந்த தண்ணீரில் டிரங்குப் பெட்டியோடு ஒருவர் வந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், யாரென்று தெரியவில்லை. தலை மழித்திருந்தது, மீசை இல்லை. பால்காரம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள்.

“ஐயய்யோ, இன்னா சார் இது கோலம்!”

அப்பா வீட்டைப் பார்த்தார். வாசலில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை. “எப்ப எடுத்தீங்க?” என்று கேட்டார்.

“எத்த எட்த்தோம்?” என்றவள், கேட்ட பிறகுதான் அர்த்தம் புரிந்து தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அப்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “யாருடி வந்திருக்கிறது? அவரா?”

அப்பா கேட்டைப் பிடித்தார். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மனுஷன் சந்தோஷத்தில் அப்படி உட்கார்ந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பால்காரம்மா தன் தோளில் கிடந்த துண்டை உதறி அவர் தலையில் சுற்றினாள். “கட்டிக்கினு உள்ள போ சார். அதுக்குத் தெரியக் கூடாது,” என்றாள்.

அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். அவர் கட்டிலருகே போய் நின்றார்.

“ஈரத் துண்டை ஏன் தலையில கட்டியிருக்கீங்க? எடுங்க, சளி பிடிக்கும்.”

அவர் எடுக்கவில்லை. அம்மாவே கையை நீட்டி இழுத்தாள். அக்காதான் முந்திக்கொண்டாள்.

“வேண்டுதல்மா! உனக்கு நல்லபடியா ஆகணும்னு அப்பா வர்ற வழியில திருப்பதியில முடி குடுத்திருக்கார். இல்லப்பா?”

அப்பா தலையாட்டினார்.

அம்மா அவர் தலையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். “லட்டு எங்கங்க?” என்றாள்.

உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஓர் அப்பா இருந்திருப்பார். மலைக்குப் போனால் வரிசையில் மறுபடி நின்றாவது தெருவில் அத்தனை வீட்டுக்கும் லட்டு வாங்கி வருகிற ஆள். ஒரு வீட்டுக்கு உதிர்ந்த லட்டு போய்விட்டால்கூட வருத்தப்படுவார்.

“மலைக்குப் போயிட்டு லட்டு இல்லாம வர்ற ஆளா நீங்க?” என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

அப்பா கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். “சீரியஸ்னு தந்தி வந்துச்சும்மா,” என்றார்.

அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாத்தா போனபோது அதே வார்த்தையோடுதான் தந்தி வந்தது; வாசலில் நின்று வாங்கியது அம்மா. அவள் கை அப்பாவின் மொட்டைத் தலை மேல் போய் நின்றது.

“எங்க எடுத்தீங்க?”

“அங்கயே, ஆத்தங்கரையில. நீ ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும், கொள்ளி போடப் பையனும் இல்ல, உன் பங்குக்கு இங்கயே செஞ்சுட்டுப் போன்னு ஓவர்சியர் சொன்னார். நம்ம ஆளுங்க பத்துப் பேர் கூட வந்து தலை முழுகினாங்க. அப்புறம் ஸ்டோர் சாவியை ஒப்படைச்சுட்டு மறுநாள்தான் கெளம்பினேன். இனிமே அவசரம் என்னன்னு...”

“அழுதீங்களா?”

“ம்.”

அம்மா கொஞ்ச நேரம் அந்தத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டாள். “டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லு. உன் நோட்டுலேர்ந்து எடுக்காதே.”

அக்கா சொன்னாள். நின்றபடி, அழாமல், திறந்து மூடியது வரைக்கும் சொன்னாள். மழை விட்டிருந்தது; ரெண்டு மாசம் என்று சொல்லும்போது விமானம் வந்தது. நாங்கள் எல்லோரும் பழக்கப்படி காத்திருந்தோம். சத்தம் அடங்கியதும், “ரெண்டு மாசமா?” என்று அம்மா மட்டும் கேட்டாள். “ஆமாம்மா,” என்றாள் அக்கா.

அதன் பிறகு மூன்று வாரம் இருந்தாள். அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் யாரும் எதையும் சின்னதாக்கிச் சொல்லவில்லை. வலித்தால் வலிக்கிறது என்றாள். பயமாக இருக்கிறது என்றும் ஒரு நாள் சொன்னாள். அக்கா பரீட்சைக்குப் போக மாட்டேன் என்றபோது, “நீ பாஸ் பண்றதைப் பார்க்கத்தான் எனக்குக் குடுத்து வைக்கல, எழுதப் போறதையாவது பார்க்கிறேன்,” என்று சொல்லி அனுப்பினாள். அசாமிலிருந்து அந்தப் பெரிய ஆபீசர் அப்பாவுக்கு அனுதாபக் கடிதம் எழுதியிருந்தார். அக்கா அதை ஒளிக்கப் பார்த்தாள். அம்மா விடவில்லை. ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டாள். தங்கள் மனைவி பொறுமையே உருவானவர், அவருடைய இழப்பு ஈடு செய்ய முடியாதது என்று இருந்தது. “பார்க்காத மனுஷன், எவ்வளவு நல்லா எழுதியிருக்கார்,” என்றாள். “ரெண்டு வாரம் முன்னாடி லீவு குடுக்கிறதுல இந்த நல்ல மனசைக் காட்டியிருக்கலாம்.” சிரித்தால் தையல் இழுக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குத் தலை பின்ன அப்பாவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கட்டிலில் படுத்தபடியே முடியை மூன்று காலாக எப்படிப் பிரிப்பது என்று சொல்வாள். இந்த இடத்தில்தான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கிறவளுக்கு மொட்டை போட்டுவிட்டான், எமன் காதில் அது விழுந்துவிட்டது என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. டாக்டர் சொன்ன ரெண்டு மாசம் எனக்குப் புரியவில்லை. அப்பாவின் தலை புரிந்தது. அவர் சீப்போடு வந்தபோது, “நீங்க என் தலையைத் தொடாதீங்க!” என்று கத்தினேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சீப்பை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போனார். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்கா பாங்கில் சேர்ந்து ஓய்வுபெறும் வயதுக்கு வந்துவிட்டாள். யாரிடமும் எதையும் மென்று முழுங்காமல் சொல்லுவாள்; முகத்தில் அடித்த மாதிரி பேசுகிறாள் என்று உறவில் பேர். அப்பாவோடு நான் சரியாகப் பேச ஆரம்பிக்கப் பல வருஷம் ஆனது. அந்தத் தலையால்தான் அம்மாவுக்குக் கடைசி மூன்று வாரம் முழுசாகக் கிடைத்தது என்று இப்போது நினைக்கிறேன். நாங்கள் அத்தனை பேரும் அன்பாலேயே அவளிடம் மறைத்ததை, அவருடைய மொட்டைத் தலை சொல்லிவிட்டது. இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் பல காலம் ஆகிவிட்டது.

அம்மா ஒரு காலையில், மழை விட்டிருந்த நேரத்தில் போனாள். எங்கள் வழக்கத்தில் எடுப்பதற்கு முன்பே வாசலில் வைத்துத் தலை மழிப்பார்கள். சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நாவிதர் அப்பாவை மணையில் உட்கார வைத்து, தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

“இன்னா சார், இப்பத்தான் எட்த்தா மாரி கீது. ஒரு வெரக்கடைகூட வளரல. யாருக்கு எட்த்தீங்க?”

“இவளுக்குத்தான்,” என்றார் அப்பா.

நாவிதர் உள்ளே கிடத்தியிருந்த அம்மாவைப் பார்த்தார். மறுபடி அப்பாவைப் பார்த்தார்.

“அப்ப இது?”

“இதுவும் இவளுக்குத்தான்பா,” என்று சொல்லி அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் சொம்பை வைத்துக்கொண்டு நின்றேன். ஊற்றும்மா என்றார் நாவிதர். ஊற்றினேன்.